எண்ணெய்த் தலையோடு நின்ற காலனி

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நானே சொல்லாவிட்டால் வேறு யார் சரியாகச் சொல்லப்போகிறார்கள்?

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். மத்தூர் பள்ளிக்கூடத்தில் என் வாத்தியார், "உன் தலையில இருக்கறது களிமண்ணுடா" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதே களிமண்ணைச் சுட்டுச் செய்த குழாயைப் பதித்துத்தான் நான் வீடு கட்டினேன், பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கு மேஸ்திரிகள். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. பெரிய எஞ்சினியர் ஒருவரைத் தீபாவளியன்று காலையில், தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நடுத்தெருவில் நிற்க வைத்த ஆள் இந்தச் சீமையிலேயே நான் ஒருவன்தான். வேலையும் போகவில்லை. அது எப்படி என்பதைத்தான் எழுத வந்தேன்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் பெங்களூரில் குழாய் பதித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். தன் பெயரைச் சொல்லமாட்டார். "கூப்பிட வேணும்னா கையைத் தட்டு" என்பார். எங்காவது குழாய் அடைத்துக்கொண்டால் நாங்கள் எல்லோரும் மூங்கில் பத்தையைத் தூக்கிக்கொண்டு ஆள் இறங்கும் குழிக்கு ஓடுவோம். நீங்கள் இப்போது மேன்ஹோல் என்கிறீர்களே, அது. கிழவர் மட்டும் வேறு பக்கம் போவார். வீடுகளின் பின்வாசலில் போய் நின்று, "அம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார்.

இந்த ஆளுக்குச் சோற்று ஆசை தீராது போல என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கேட்டும் விட்டேன். அவர் சிரித்தார். "குழாய்க்குள்ள என்னா இருக்குன்னு குழாயைக் கேட்டா சொல்லுமா? அடுப்பங்கரைதான் சொல்லும்" என்றார். அன்றைக்கு அடைப்பை எடுத்தபோது, அவர் எந்த வீட்டில் சுண்டைக்காய்க் குழம்பு என்று சொன்னாரோ அந்த வீட்டுக் கிளையிலிருந்து சுண்டைக்காய் கொத்தாக வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம். அதனால்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெரிய கட்டுமான வேலை நடந்தது. அப்போது நாமெல்லாம் சேலம் ஜில்லா. வேலைக்கு வந்தவர்களுக்காக ஒரு சரிவில் காலனி கட்டினார்கள். மேலே ஒரு தெரு, கீழே ஒரு தெரு. மேல் தெருவில் எஞ்சினியரும் குமாஸ்தாக்களும். கீழ்த் தெருவில் கொத்தனார், கல்லுடைப்பவர், மண் சுமப்பவர், என்னைப் போன்றவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குழாயடியில் சண்டை போடும். சண்டை முடிவதற்குள் மூன்று பாஷையும் எல்லோருக்கும் வந்துவிடும்.

அந்தக் காலனிக்கு ஒரு பெருமை உண்டு. மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் சேர்த்து மண்ணுக்குள்ளே ஒரே சாக்கடைக் குழாய். வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றும் கக்கூஸ். பதித்தவன் நான். சரிவு பிடித்ததும் நான். மேலிருந்து கீழே வரை ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால் கடைசிக் குழியில் வந்து நிற்கும்.

அந்தக் கடைசிக் குழிக்குப் பக்கத்து வீடு கெம்பம்மாவுடையது. கன்னடக்காரி, ஓசூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். புருஷன் கல்லுடைப்பான், அவள் மண் சுமப்பாள், சின்னப் பிள்ளைகள் வீடு நிறைய. அதுவரை அவள் விடியுமுன் ஆற்றோரப் புதருக்குப் போனவள். ஒரு தடவை அங்கே தேள் கொட்டி வாரக்கணக்கில் நொண்டியவள். தனக்கென்று கதவு போட்ட கக்கூஸ் ஒன்று கிடைத்ததும் அதற்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் பூட்டு கிடையாது.

"வீட்ல என்னா இருக்குது திருடறதுக்கு? சொத்து இதுதான் மேஸ்திரிண்ணா" என்பாள்.

உகாதி வந்தது. தெலுங்குக்காரர்களும் கன்னடக்காரர்களும் விடியற்காலையில் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போல எண்ணெய் போக்கும் பச்சை இலைத்தூளான அரப்புப் போட்டுக் குளித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் கெம்பம்மாவின் கக்கூஸ் வழியாகச் சாக்கடை மேலே வந்து, முற்றத்தில் போட்ட கோலத்தை நனைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. பண்டிகைப் போளியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று கத்திய கத்தலுக்கு மேல் தெரு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"உங்க பண்டிகைக்கு எங்க தெரு நாறணுமா?" என்று ஒரு தமிழ்க் கொத்தனார் கேட்டார்.

"உன் தீபாவளி வரட்டும், மூக்கைப் பிடிச்சுக்கினு நான் கேக்கறேன்" என்றாள் கெம்பம்மா.

பெரிய எஞ்சினியர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலரா என்ற சொல்லுக்கு ரொம்பப் பயந்தவர். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தெரு ஜனங்களுக்கு இது பழக்கமில்லை. சாம்பலும் குப்பையும் போட்டு அடைக்கறாங்க. இன்னொரு தரம் இப்படி ஆனா கீழ்த் தெரு இணைப்பை எல்லாம் சிமெண்டு வச்சு மூடிடுவோம். பழையபடி எடுப்புக் கக்கூஸ் கட்டிக்கலாம்."

எடுப்புக் கக்கூஸ் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. ஒரு மனுஷன் தினமும் வந்து வாரி, தலையில் சுமந்து போகவேண்டும். அந்த வேலைக்கு வழியில்லாமல் செய்யத்தான் நான் குழாய் பதித்தேன். அந்த ஆத்திரத்தில் என் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"தீபாவளிக்குக் காலனியே எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும் இல்லைங்களா அய்யா? அன்னிக்கு ஒரு சொட்டு மேல வந்தா என் மேஸ்திரி வேலையை எடுத்துக்கோங்க. வரலைன்னா கீழ்த் தெருவை யாரும் தொடக்கூடாது."

"சரி" என்றுவிட்டுப் போனார் எஞ்சினியர். எல்லோரும் என்னை வீரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கெம்பம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"உன் வேலை போனா வேற வேலை கெடைக்கும்ணா. என் கக்கூஸு போனா?"

இரண்டாம் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூங்கில் பத்தையைக் குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுத்தேன். வந்ததைக் கையில் நசுக்கிப் பார்த்தேன். நான் சின்ன வயசில் கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தவன். சுண்ணாம்புக் காரையை எத்தனையோ வகையாக அரைத்திருக்கிறேன். இது அதையெல்லாம் தோற்கடிக்கிற காரை. பாத்திரம் தேய்த்த சாம்பல், தேங்காய் நார், புளிச் சக்கை, அரப்புத் தூள், தலைமுடி, எல்லாவற்றையும் பிடித்துக் கட்டும் எண்ணெய். சூட்டோடு போகும்போது எண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடும். குழாய்க்குள் ஆறினதும் சாம்பலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அரப்பு அதன் மேல் பூச்சு வேலை செய்யும்.

கிழவரின் பாடம் ஞாபகம் வந்தது. பின்வாசல் பின்வாசலாகப் போனேன். "அம்மா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரியவேண்டியது தெரிந்தது. கீழ்த் தெருவில் சாம்பல் உண்டு, களிச்சட்டி ஊறவைத்த தண்ணீர் உண்டு. எண்ணெய் என்றால் தாளிக்க ஒரு சொட்டு. மேல் தெருவில்தான் வடையும் பொரியலும் நெய்யும், வாரத்துக்கு வாரம் எண்ணெய்க் குளியலும். ஊற்றுவது மேலே, உட்காருவது கீழே. என் குழாய் கடைசிக் குழியைத் தாண்டி வெளியே போகும் இடத்தில்தான் கொஞ்சம் சமதரையாகப் போகிறது. அங்கே வந்து எல்லாம் இளைப்பாறுகிறது. பொங்கி வந்தது கெம்பம்மா வீட்டில் என்பதால் ஊற்றியவளும் கெம்பம்மா என்று நினைத்துவிட்டார் எஞ்சினியர்.

வைத்தியம் சுலபம். சாம்பல் எருக்குழிக்குப் போகட்டும். சட்டியைக் கழுவுமுன் ஒட்டினதை இலையால் வழித்து நாய்க்குப் போடட்டும். எண்ணெய்க் குளியல் மட்டும் வீட்டுக்குள் வேண்டாம். கொல்லையில் ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டு, மேலே ஒரு கல் பலகை, பக்கத்தில் ஒரு வாழைக்கன்று. சுற்றிலும் மறைப்புக்கு, வேலை நடக்கிற இடத்தில் மலையாகக் கிடந்த காலி சிமெண்டுச் சாக்கு. எண்ணெயும் அரப்பும் மண்ணோடு போகும், வாழை குடித்துக்கொள்ளும்.

கீழ்த் தெரு ஒத்துக்கொண்டது. நான் சொன்னதால் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மையில் கெம்பம்மா சொன்னதால். யாராவது சாம்பலைக் குழாய் வாயில் கொட்டுவது தெரிந்தால் மூன்று பாஷையிலும் திட்டுவாள். முதல் பாஷையிலேயே ஆள் திருந்திவிடுவார். மற்ற இரண்டும் அவளுடைய திருப்திக்கு.

மேல் தெருவில் நான் போய்ப் பேசினேன். அங்கே ஹெட்கிளார்க்கின் மனைவி சொன்னால்தான் எடுபடும். எஞ்சினியர் வீட்டம்மாவே அவரைக் கேட்டுத்தான் ஊறுகாய் போடுவார். சேலத்துக்காரர், கம்பீரமான அம்மா. வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார்:

"ஏன்யா மேஸ்திரி, பாத்ரூம் கட்டிக் குடுத்துட்டு, சாக்குக்குப் பின்னாடி போய்க் குளின்னா என்ன அர்த்தம்?"

"எண்ணெய்க் குளியலுக்கு மட்டும்தாங்கம்மா. குழாய் அடைச்சுக்குது."

"அதெல்லாம் கண்ட எண்ணெயைத் தேய்க்கறவங்களுக்குச் சொல்லு. எங்க வீட்ல செக்கில ஆட்டின சுத்தமான நல்லெண்ணெய். அது அடைக்காது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? மேல் தெருவில் ஒரு குழிகூட விழவில்லை.

தீபாவளி வந்தது. கீழ்த் தெருவில் முதல் நாள் மாலையே தார் டிரம்களைக் கழுவி, குழாயில் தண்ணீர் பிடித்து நிரப்பச் சொல்லியிருந்தேன். விடியற்காலையில் கொல்லைக்குக் கொல்லை அடுப்பு எரிந்தது. சாக்கு மறைப்புகளுக்குள்ளிருந்து பிள்ளைகளின் கூச்சல். உகாதிக்காரர்களும் சேர்ந்து குளித்தார்கள். பண்டிகை யாருடையதானால் என்ன, வெந்நீர் வெந்நீர்தானே.

நான் குளிக்கவில்லை. கடைசிக் குழியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தேன். முதலில் நன்றாக ஓடியது. பிறகு ஓட்டம் குறைந்தது. பிறகு நின்றது. அப்புறம் ஏறத் தொடங்கியது. பச்சை நுரையோடு, மெதுவாக, நிச்சயமாக.

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். மூங்கில் பத்தையைக் கையில் எடுத்துவிட்டேன். குத்தியிருந்தால் அடைப்பு இன்னும் இறுகலாம். அப்போது மேல் தெருவிலிருந்து வரும் அத்தனையும் கெம்பம்மா வீட்டு வழியாகத்தான் வெளியே வரும். மேலே ஓடி வீடு வீடாகக் கதவைத் தட்டலாம். பட்டாசுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் ஹெட்கிளார்க் அம்மாவிடம் யார் பேசுவது? எனக்குப் பின்னால் கெம்பம்மா வந்து நின்றாள். புதுப்புடவை. ஈரத் தலை. குழிக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பத்தையைக் கீழே போட்டுவிட்டுச் சரிவின் உச்சியிலிருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினேன். காலனிக்கே தண்ணீர் விடும் வால்வு அங்கேதான். என்னிடமிருந்த வால்வுச் சாவியைப் போட்டுத் திருகினேன். முழுசாக அடைத்துவிட்டு, சாவியை மடியில் கட்டிக்கொண்டு மேல் தெருவில் இறங்கி நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேல் வீடுகளில் அண்டாவில் பிடித்து வைத்திருந்ததை முதலில் குளித்தவர்கள் தீர்த்துவிட்டிருக்கவேண்டும். அடுத்து உட்கார்ந்தவர்களுக்குத் தலை நிறைய எண்ணெய், முகமெல்லாம் அரப்பு, குழாயைத் திறந்தால் காற்று. மேல் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குமாஸ்தாக்கள் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி வந்தார்கள். துண்டு கட்டிய பிள்ளைகள், பச்சை பூசிய பெரியவர்கள். எல்லோரும் ஒரே கேள்வி: "யாருய்யா தண்ணியை நிறுத்தினது?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரிய எஞ்சினியர் வந்தார். காதோரம் எண்ணெய் வழிந்து கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவரை அதற்கு முன் தொப்பியில்லாமல் நான் பார்த்ததில்லை.

"யார்?" என்றார்.

"நான்தாங்கய்யா."

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ங்கய்யா. தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."

"வால்வைத் திற."

"ஒரு நிமிஷம் குழியைப் பாத்துட்டுச் சொல்லுங்கய்யா. அப்புறமும் திறன்னு சொன்னா, திறந்துட்டுச் சாவியை உங்க கையிலயே குடுத்துட்டு ஊருக்குப் போயிடறேன்."

என்ன நினைத்தாரோ, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். காலனியே எண்ணெய் சொட்டச் சொட்டப் பின்னால் வந்தது. கடைசிக் குழியில் சாக்கடை விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றிருந்தது. மேலே கெட்டியாகப் பச்சை நுரை, எண்ணெய்ப் படலம். எஞ்சினியர் அதைப் பார்த்தார். திரும்பிக் கீழ்த் தெருக் கொல்லைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சாக்கு மறைப்பு, ஈரமான கல், வாழைக்கன்றைச் சுற்றி அதே பச்சை நுரை. கீழ்த் தெரு அரப்பு முழுவதும் அங்கே இருந்தது. குழிக்குள் இருப்பது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தலையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அந்த நுரையில் விழுந்தது.

அப்போது கெம்பம்மா முன்னால் வந்தாள்.

"அய்யோ தேவரே, சாமிக்குக் கண்ணு எரியுது பாரு! எங்க கொல்லையில வெந்நி கொதிக்குது. மறைப்பு இருக்குது. வாங்கோ சாமி, குளிங்கோ. சட்டம் அப்புறம் பேசிக்கலாம்."

எஞ்சினியர் கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், சிமெண்டுச் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சொம்புச் சத்தம் கேட்டதும் மேல் தெரு முழுக்கக் கொல்லைகளைப் பார்த்து ஓடியது. கீழ்த் தெருவில் ஒரு கொல்லை பாக்கியில்லை. குமாஸ்தாவுக்குக் கல்லுடைப்பவர் வெந்நீர் மொண்டு ஊற்றினார். அவர் ஊற்றிய வேகத்தில் கொஞ்சம் பழைய கணக்கும் இருந்தது போலத் தெரிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஹெட்கிளார்க் அம்மா வந்தார். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு சாக்குக்கு வெளியே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்கம்மா" என்றாள் கெம்பம்மா. "செக்கில ஆட்டின சுத்தமான நல்லெண்ணெய்தானே? எங்க வாழையும் ஒரு நாள் ருசி பாக்கட்டும்."

உள்ளேயிருந்து முதலில் ஹெட்கிளார்க் அம்மாவின் சிரிப்புத்தான் கேட்டது. அப்புறம்தான் தண்ணீர்ச் சத்தம்.

தண்ணீர் வரத்து நின்றதால் குழியில் மட்டம் தானாக மெல்ல இறங்கியது. இறங்கிய பிறகு பத்தையை விட்டு, அவசரமில்லாமல் அடைப்பை எடுத்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எஞ்சினியர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

"கீழ்த் தெருவை யாரும் தொடமாட்டாங்க" என்றார். "நாளைக்கு என் வீட்டுக் கொல்லையில முதல் குழியைத் தோண்டு. இன்னொண்ணு, இனிமே தண்ணியை நிறுத்தறதா இருந்தா முன்னாடி வந்து சொல்லு. நான் எண்ணெய் வைக்கறதுக்கு முன்னாடி."

கெம்பம்மா சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து, திரும்ப இறுக்கி முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ குழாய் பதித்தேன். உங்களுக்கு இப்போது மெஷின் இருக்கிறது, பெரிய குழாய் இருக்கிறது, என்னைவிடப் படிப்பு இருக்கிறது. என்னைவிடத் திறமை இருக்கிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் சாக்கடை பொங்கிய வீட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு வராதீர்கள். அது கடைசி வீடு, அவ்வளவுதான். குழாயை ஆளுகிறவர்கள் நாம் இல்லை. பாத்திரத்தைக் கழுவுகிற கைதான் ஆளுகிறது. அந்தக் கையோடு பேசப் பழகுங்கள். வீட்டில் சண்டை வந்தால் வரட்டும், குழம்பு என்ன என்று கேளுங்கள்.

அடுத்த வருஷம் கெம்பம்மாவின் வாழை குலை தள்ளியது. பழுத்ததும் ஒரு சீப்பை என் கையில் கொடுத்து, "மேல் தெரு அம்மாவுக்குக் குடுத்துடுண்ணா. அவங்க எண்ணெயில வெளஞ்சதுன்னு சொல்லு" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்து, அப்படியே சொன்னேன். ஹெட்கிளார்க் அம்மா இந்தத் தடவை என்னை வாசலில் நிற்க வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். எழுந்து இரண்டடி போனவர், கையிலிருந்த தோலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏன்யா மேஸ்திரி," என்றார், "இதை எங்க போடணும்?"